ஒரு கால் பங்குக்காக ஏறிய 26 வீடுகள்

லண்டனில் இருக்கும் மச்சான் 2024 மாசியில் கோல் எடுத்தார். அவரும் அவருடைய கூட்டாளிகள் நான்கு பேரும் கொஞ்சக் காசு சேர்த்து வைத்திருக்கிறார்கள், அதை யாழ்ப்பாணத்தில் போடவேண்டும், ஆனால் வெறுங்காணி வாங்கி, வேலி அடைத்து, பார்க்க ஒரு ஆள் வைத்து, பிறகு அந்த ஆளே காணியைப் பிடித்துக்கொள்ளாமல் பார்க்கிற தலையிடி வேண்டாம். அதனால் ஒரு புது யோசனை. சொந்த வீடு இருக்கிறது, கையில் காசு இல்லை என்ற நிலையில் இருக்கும் வயதானவர்களிடம் வீட்டின் ஒரு பங்கை மட்டும் வாங்குவது. அவர்கள் தங்கள் வீட்டிலேயே இருக்கலாம், வாடகை இல்லை, வட்டி இல்லை. பிற்காலத்தில் வீடு விலைப்படும்போது அந்தப் பங்குக்குரிய காசு இவர்களுக்கு. "ஐந்து வீடு பிடிச்சுத் தா, காணும்" என்றார்.

நான் வங்கியில் கடன் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஐந்து வீடு என்ன பெரிய வேலை என்றுதான் நினைத்தேன். எட்டு மாதம் போனது, 26 வீட்டுப் படி ஏறினேன். என்ன நடந்தது என்பதை அப்படியே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இதே யோசனையோடு இன்னும் இரண்டு பேர் என்னிடம் வந்துவிட்டார்கள்.

இது மச்சானின் மண்டையில் உதித்ததல்ல. அமெரிக்காவில் ஹோம்டாப், பொயின்ட், யூனிசன் போன்ற கம்பனிகள் இதையே தொழிலாகச் செய்கின்றன. வீட்டுக்காரருக்கு இன்று ஒரு தொகை கொடுப்பார்கள், வீடு விற்கும்போதோ அல்லது பத்து, முப்பது வருடம் என்று போட்ட தவணை முடியும்போதோ அன்றைய பெறுமதியில் ஒரு வீதத்தை எடுத்துக்கொள்வார்கள். பெயர்தான் பங்கு, பொதுவாகக் கம்பனி உரிமையாளராக உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், ஏறுவதில்லை, வீட்டின் மேல் ஒரு பிணையைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கும். இங்கிலாந்தின் ஹோம் ரிவேர்ஷன் வேறு மாதிரி. அங்கே பங்கை உண்மையிலேயே விற்றுவிடவேண்டும், சாகும்வரை வாடகையில்லாமல் இருக்கலாம், ஆனால் விற்கிற பங்குக்குச் சந்தை விலை வராது, அதில் 20 முதல் 60 வீதம்தான் கைக்கு வரும். கனடாவில் சொந்தக்காரர் சொல்லிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், 55 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுப் பெறுமதியில் 55 வீதம் வரை கொடுக்கும் சிப் என்று ஒன்று, அது பங்கே அல்ல, வட்டி ஏறிக்கொண்டு போகும் கடன். மச்சான் இந்த மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி எனக்கு அனுப்பியிருந்தார்.

முதல் வேலையாக அந்தக் கடதாசியை எடுத்துக்கொண்டு உறுதி எழுதுகிற, எனக்குத் தெரிந்த ஒரு நொத்தாரிசிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "பங்கு என்றால் பங்கை எழுதுவம், கடன் என்றால் ஈட்டை எழுதுவம். ரெண்டுக்கும் நடுவிலை ஒண்டை எழுதினால் நாளைக்கு நீதிபதி அதை என்னவெண்டு வாசிப்பாரோ எனக்குத் தெரியாது." அவர் சொன்னது சரி. இலங்கையில் காணி சம்பந்தப்பட்ட விற்பனை எதுவாக இருந்தாலும் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதவேண்டும். வாய்ப் பேச்சும் வெற்றுக் கடதாசியும் எடுபடாது. ஆகவே இங்கிலாந்து மாதிரிதான் ஓடும், அதாவது வீட்டில் பிரிக்கப்படாத ஒரு பங்கை அறுதியாக எழுதி வாங்குவது, இருப்பவருக்கு முழு வீட்டிலும் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை இருக்கும் உரிமையை, விட்டுவைப்பது.

அடுத்த கேள்வியை அவர் கேட்டபோது மச்சானின் கூட்டமே பாதியாகிவிட்டது. வாங்கப்போகிறவர்கள் எந்த நாட்டுப் பிரசை? 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி எழுதுவதைத் தடுக்கிறது. பாதிப் பங்கு அல்லது அதற்கு மேல் வெளிநாட்டவர் கையில் இருக்கும் கம்பனிக்கும் அதே தடை, எனவே "ஒரு கம்பனி பதிஞ்சு வாங்குவம்" என்ற குறுக்கு வழியும் அடைபட்டது. இரட்டைப் பிரசாவுரிமை எடுத்தவர்களுக்கு விலக்கு உண்டு. ஐந்து பேரில் மச்சானும் இன்னொருவரும்தான் அதை எடுத்திருந்தார்கள். மற்ற மூவரும் "நாங்கள் யாழ்ப்பாணத்திலை பிறந்தனாங்கள், வெளிநாட்டவரோ?" என்று கோபப்பட்டுவிட்டுக் கழன்றார்கள். கோபம் நியாயம்தான், பாஸ்போர்ட் வேறு கதை சொல்கிறது.

சரி, இரண்டு பேரின் காசுக்கு வீடு தேடினேன். முதல் இரண்டு மாதமும் பிழையாகத் தேடினேன் என்று இப்போது தெரிகிறது. காசுக்கு யார் கஷ்டப்படுகிறார்கள் என்று தேடினேன். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள், 2022 இல் விலைவாசி ஏறியபோது அந்த ஓய்வூதியம் பாதியாய்க் கரைந்து போனவர்கள், கூரை ஒழுகுகிறவர்கள், பிள்ளைகள் காசு அனுப்புவது குறைந்துவிட்டவர்கள். கோயில் வாசலில் கேட்டேன், பழைய வங்கி வாடிக்கையாளர்களைக் கேட்டேன். கஷ்டப்படுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்ததுமே கதை கெட்டது.

கோண்டாவிலில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், நான் "வீட்டின் பெறுமதியில் ஒரு பங்கு" என்று தொடங்கியதும் கையமர்த்திவிட்டுக் கேட்டார்: "தம்பி, பெறுமதிக்கு எல்லைக்கல்லு எங்கை போடுவாய்?" அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "எந்த அறை அவையளுக்கு?" என்றார். சிரிப்பாக இருந்தாலும் இது விளங்காத கேள்வியல்ல. யாழ்ப்பாணத்தில் பங்கு என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒரு கிணற்றில் நாலு வீட்டுக்குப் பங்கு இருக்கும், அந்தப் பங்கும் தண்ணீர் போகிற வாய்க்காலும் வழியும் உறுதியிலேயே எழுதியிருக்கும், யார் எத்தனையாம் நாள் இறைப்பது என்று முறை இருக்கும். அந்தப் பங்குக்காக எத்தனை குடும்பம் கதை பேச்சில்லாமல் இருக்கிறது என்றும் எல்லாருக்கும் தெரியும். பங்கு என்ற சொல்லோடு வழக்கு என்ற சொல்லும் சேர்ந்தே காதில் விழுகிறது, நான் என்ன செய்ய.

இன்னும் சிலர், "அப்ப இது ஒற்றியோ?" என்றார்கள். ஒற்றி அவர்களுக்குப் பழகினது. காசு கொடுத்தவர் காணியை அல்லது வீட்டை வைத்து அனுபவிப்பார், வட்டி இல்லை, காசைத் திருப்பினால் காணி திரும்பும். இதில் வீட்டுக்காரரே இருப்பார், ஆனால் பங்கு திரும்பாது என்று நான் விளக்கியதும் முகம் மாறிவிடும். திரும்பாதது அறுதி. அறுதி எழுதுகிறதென்றால் காணி விற்கிற நிலைக்கு வந்துவிட்டான் என்று ஊர் சொல்லும். அதைவிட நகையை அடைவு வைப்பார்கள், வைத்த நகையை மீட்க இன்னொரு நகையை வைப்பார்கள், அது யாருக்கும் தெரியாது. விற்பதில் இருக்கும் வெட்கத்தை எந்த ஐந்தொகையிலும் காட்டமுடியாது, ஆனால் 26 வீட்டில் பதினைந்து வீடு அந்த வெட்கத்திலேயே நின்றுவிட்டது.

மிச்சம் பதினொரு வீட்டில் உறுதியை எடுத்துக் காட்டினார்கள். உண்மையான கதை அங்கேதான் தொடங்குகிறது.

இணுவிலில் ஒரு வீடு. கணவன், மனைவி இரண்டு பேரும் எழுபது தாண்டியவர்கள், இரண்டு பேருக்கும் சம்மதம், கூரையின் வளையும் சிலாகையும் கறையான் தின்று கிடக்கிறது, கட்டாயம் காசு வேண்டும். ஐயா அலுமாரியைத் திறந்து, பழைய சேலை ஒன்றில் சுற்றி வைத்த கட்டை எடுத்து மேசையில் பிரித்தார். மேலே இருந்தது 1998 இல் எழுதிய சீதன உறுதி. மூத்த மகளின் கலியாணத்துக்கு வீட்டையும் இரண்டு பரப்புக் காணியையும் முழுதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், தங்களுக்குச் சீவிய உரித்து மட்டும் வைத்துக்கொண்டு. மகள் மெல்பேர்னில். 26 வருடமாக வரி கட்டுகிறார்கள், வெள்ளையடிக்கிறார்கள், மாமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், வீடு தங்களுடையது இல்லை என்பதை மறந்தே போனார்கள். "ஓம், அப்ப எழுதினது தானே" என்று ஐயா மெதுவாகச் சொல்லிவிட்டு உறுதியை மறுபடி சேலையில் சுற்றினார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன்.

பதினொன்றில் ஐந்து இப்படி. அந்தக் காலத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதென்றால் வீடு எழுதவேண்டும், எழுதினார்கள். நீங்கள் போய்க் கதவு தட்டுகிற "வீட்டுக்காரர்" பெரும்பாலும் தன் மகளின் வீட்டில் குடியிருக்கிறவர். தேடலையே இதற்குப் பிறகு மாற்றினேன். யாருக்குக் காசு வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, யாருக்குப் பெண் பிள்ளை இல்லை என்று விசாரிக்கத் தொடங்கினேன். கலியாணத் தரகர் போல என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், பரவாயில்லை.

மூன்று வீடு தேடிய தேட்டத்தில் மாட்டியது. அரியாலையில் ஒரு அம்மா, 1986 இல் கணவனும் அவருமாகச் சேர்ந்து காணி வாங்கிக் கட்டிய வீடு, கணவன் 2009 இல் மரணசாசனம் எழுதாமலே காலமானார். பதினைந்து வருடமாக வீடு முழுதும் தன்னுடையது என்றே நினைத்திருந்தார். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைப்படி கலியாணத்துக்குப் பிறகு காசு கொடுத்துத் தேடிய சொத்துத்தான் தேடிய தேட்டம், மரணசாசனம் இல்லாமல் ஒருவர் போனால் அவருடைய பங்கில் பிள்ளைகளுக்கும் உரித்து உண்டு. அதாவது வீடு முழுதும் அம்மாவுக்கில்லை, ஒரு பங்கு மூன்று பிள்ளைகளுக்கு, அதில் இரண்டு பேர் கனடாவில். இதை நொத்தாரிசு சொன்னபோது அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார், நான்தான் வீட்டைப் பறித்தது போல. "நான் கல்லுச் சுமந்து கட்டின வீடு, தம்பி." அவருடைய பங்கில் ஒரு துண்டை வாங்கலாம்தான், ஆனால் மச்சான் மூன்று பிள்ளைகளோடு கூட்டுப் பங்காளியாக நிற்கவேண்டும். 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டப்படி எந்தப் பங்காளியும் நீதிமன்றம் போய்ப் பிரித்துத் தரச் சொல்லலாம், பிரிக்கமுடியாதென்றால் நீதிமன்றம் விற்கவும் கட்டளையிடலாம். எழுபத்திமூன்று வயது மனுசியின் வீட்டுக்குள் அந்த ஆயுதத்தைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மச்சானிடம் "சரிவராது" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு வீட்டில் உறுதியே இல்லை. 1995 இடப்பெயர்வில் தொலைந்தது. பதிவகத்தில் பிரதி எடுக்கலாம், ஆனால் அவர்கள் அதற்கே அலுத்துப்போயிருந்தார்கள்.

மிஞ்சியது இரண்டு வீடு. ஒன்று யாழ்ப்பாணத் திருநெல்வேலியில், இரண்டு ஆண் பிள்ளைகள் உள்ள ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், உறுதி சுத்தம். மூன்று தரம் கதைத்தோம். நாலாம் தரம் போனபோது மேல் மாடியில் கம்பஸ் பிள்ளைகள் நாலு பேர் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார்கள். பல்கலைக்கழகம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது அறையை வாடகைக்கு விடாமல் பங்கை விற்பானேன்? நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மற்றது கொக்குவில் ரீச்சர்.

கலியாணம் செய்யாதவர், 71 வயது, கணிதம் படிப்பித்தவர். தாய் தகப்பன் நன்கொடையாக எழுதிய இரண்டு பரப்பும் வீடும் முழுதாக அவர் பெயரில், வில்லங்கம் எதுவும் இல்லை. தேவை இரண்டு: கூரை மாற்றவேண்டும், இரவில் தங்க ஒரு ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கவேண்டும். யாரிடமும் கை நீட்ட விருப்பமில்லை. அவர் கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை வீதத்துக்கு எத்தனை வீதம்?"

மதிப்பீட்டாளர் வீட்டையும் காணியையும் 240 இலட்சம் என்றார். கால் பங்கு 60 இலட்சம். மச்சான் இங்கிலாந்துக் கணக்கில் 40 வீதம், அதாவது 24 இலட்சம் தருவதாகச் சொன்னார். ரீச்சர் கொப்பி ஒன்றில் இரண்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தார். "அறுபதுக்கு இருபத்திநாலு. மிச்சம் முப்பத்தாறும் நான் எப்ப சாவன் எண்டதுக்கான விலை. அவருக்கு நான் எத்தினை வருசத்திலை போகவேணுமாம்?"

எனக்கு வாயடைத்துப் போனது. ஏனென்றால் கணக்கு அதுதான். இந்த வியாபாரத்தில் வாங்குகிறவருக்கு லாபம் வருவது விற்கிறவர் சீக்கிரம் போனால். பிரான்சில் ஆர்ல் நகரத்தில் ழான் கல்மான் என்ற மூதாட்டியோடு ஒரு வழக்கறிஞர் 1965 இல் இப்படியொரு ஒப்பந்தம் செய்தார், அப்போது மூதாட்டிக்கு 90 வயது, மாதம் 2500 பிராங் கொடுப்பது, இறந்த பிறகு வீடு வழக்கறிஞருக்கு. வழக்கறிஞர் 1995 இல் இறந்தார், மூதாட்டி 1997 இல் 122 வயதில் போனார், இடைப்பட்ட காலத்துக்கும் வழக்கறிஞரின் குடும்பம்தான் கட்டியது. இதை ரீச்சருக்குச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். தன் தாய் 96 வரை இருந்தவர் என்றார். அதை மச்சானிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை.

பேரம் இரண்டு மாதம் இழுத்தது. கடைசியில் 42 இலட்சம், பங்கின் விலையில் 70 வீதம். ரீச்சரே கணக்குப் போட்டுக் காட்டினார்: காணி விலை ஒரு சதம்கூட ஏறாவிட்டாலும், அவர் ஐந்து வருடத்தில் போனால் மச்சானுக்கு ஆண்டுக்கு 7 வீதத்துக்கு மேல், 90 வயது வரை இருந்தால் 2 வீதம்கூட இல்லை. "விலை ஏறினால் அது உங்கடை அதிர்ஷ்டம்." முத்திரை வரி மச்சான் பக்கம், முதல் இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும், 60 இலட்சத்துக்குக் கணக்குப் பார்த்தால் 239,000 ரூபா, நொத்தாரிசின் கூலி வேறு. நிபந்தனைகளில் ரீச்சர் விட்டுக்கொடுக்காதவை மூன்று. சீவிய உரித்து முழு வீட்டிலும். அவர் உயிரோடு இருக்கும்வரை பிரிவினை வழக்குப் போடக்கூடாது. மச்சான் முந்திப் போய்விட்டால் அவருடைய பிள்ளைகளும் இதற்குக் கட்டுப்படவேண்டும். மூன்றாவதைப் பற்றித்தான் நொத்தாரிசோடு நிறைய நேரம் இருந்தோம், "இவர் நல்ல பிள்ளை, இவற்றை பிள்ளை ஆர் எண்டு எனக்குத் தெரியாது" என்று ரீச்சர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கென்று தனியாக ஒரு சட்டத்தரணியை வைத்துக்கொள்ளச் சொன்னேன், அந்தச் செலவையும் மச்சானிடம் கறந்தேன். வங்கிக்காரனுக்குக் கொஞ்சமாவது மனச்சாட்சி வேண்டும்.

எழுதுவதற்கு நாள் பார்க்கும்போது நொத்தாரிசு ஒன்றை ஞாபகப்படுத்தினார். தேசவழமைக் காணியில் பிரிக்கப்படாத பங்கை வெளியாளுக்கு விற்கும்போது 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் குறுக்கே வரும். கூட்டுப் பங்காளிகளுக்கும், விற்பவரின் வாரிசுகளாக வரக்கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு, அறிவித்தல் கொடுக்காமல் எழுதினால் பிறகு வழக்கு வரும். ரீச்சருக்குக் கூட்டுப் பங்காளி இல்லை. ஆனால் ஒரேயொரு சகோதரன், அவரும் காலமாகிவிட்டார், அவருடைய மகன் ரொறன்ரோவில். "அவனோ? நாலு வருசமா ஒரு கோல் இல்லை, குடுங்கோ அறிவித்தலை" என்றார் ரீச்சர். கொடுத்தோம்.

மூன்றாம் நாள் கோல் வந்தது. "மாமி, வீட்டை ஏன் பிறத்தியாருக்குக் குடுக்கிறியள்?" அவர் இரட்டைப் பிரசாவுரிமை எடுத்தவர். அதே 42 இலட்சம், அதே நிபந்தனைகள், ஒரு சொல் மாற்றவில்லை. ஆறு கிழமைக்குள் காசு வந்து உறுதி முடிந்தது. சாட்சிக் கையெழுத்து இரண்டில் ஒன்று நான் போட்டது.

விற்க மனமுள்ள ஒரு வீட்டுக்காரரை எட்டு மாதம் அலைந்து கண்டுபிடித்து, விலை பேசி, நிபந்தனை தீட்டி, கடைசியில் ரீச்சரின் மருமகனுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். மச்சான் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அறிவித்தலைக் கொஞ்சம் மெதுவாகக் கொடுத்திருக்கலாமே என்று அவருக்கு ஆதங்கம், அப்படிச் செய்தால் வழக்குக்கு அவரே லண்டனிலிருந்து வந்து நிற்கவேண்டியிருக்கும் என்பது அவருக்கு விளங்கவில்லை. ரீச்சரின் கூரை மாறிவிட்டது, புது ஓடு. இரவில் ஒரு பிள்ளை வந்து தங்குகிறது. மருமகன் இப்போது ஞாயிறு தோறும் கோல் எடுக்கிறாராம், கால் பங்குக்காரன் என்ற உரிமையில் கூரைக்கு என்ன விலை போனது என்று விசாரிப்பதைத் தவிர வேறு தொல்லை இல்லையாம். கமிஷன் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, ஆனால் வைகாசியில் ரீச்சர் ஒரு உரப்பை நிறையக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொடுத்தனுப்பினார்.

போன கிழமை மச்சான் மறுபடி கோல் எடுத்தார். மானிப்பாயில் ஒரு வீடு கேள்விப்பட்டாராம், ஐயாவும் அம்மாவும் தனிய, விற்க முழுச் சம்மதமாம், நான் ஒருக்கால் போய்ப் பார்க்கவேண்டுமாம்.

"எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டேன்.

"ஒரு மகள், மச்சான். கலியாணம் கட்டி நோர்வேயிலை."

"அப்ப உறுதியை முதலிலை வட்ஸ்அப்பிலை அனுப்பச் சொல்லு" என்றேன்.